பஸ்ஸுக்குப் போகும் அரச பணம்: நகரத்துக்கு எவ்வளவு, கிராமத்துக்கு எவ்வளவு?

எங்கள் பெரியம்மா முல்லைத்தீவு மாவட்டத்தில், துணுக்காய்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குக் கிளினிக். காலை ஆறரைக்கு ஊருக்குள் வரும் பஸ்ஸைப் பிடித்தால் ஏழரைக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். அதை விட்டால் அடுத்த பஸ் பின்னேரம்தான். போன வருடம் ஒரு கிளினிக் நாளில் அந்த பஸ் பழுது. பஸ் வரவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. வேப்ப மரத்துக்குக் கீழே ஒன்றரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் ஓட்டோ பிடித்துப் போய் வந்தார். போகவர 2,500 ரூபா. கிளினிக்கில் கொடுக்கும் மருந்து இலவசம்.

நான் இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில். காலி வீதியில் ஒரு 100ஐ விட்டால் 101 வரும், அதையும் விட்டால் மட்டக்குளிக்குப் போகும் 155 வரும். பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு ஏறிப் பாருங்கள். ஃபுட்போர்டில் ஒரு கால், கம்பியில் ஒரு கை, முதுகில் யாரோ ஒரு பிள்ளையின் புத்தகப் பை. எனக்கு பஸ் இருக்கிறது, உள்ளே இடம் இல்லை. பெரியம்மாவின் பஸ்ஸில் இடம் இருக்கிறது, பஸ்தான் இல்லை.

இரண்டு குறையையும் தீர்க்க வேண்டிய பணம் கடைசியில் ஒரே இடத்திலிருந்துதான் வரவேண்டும்: திறைசேரி. அந்தப் பணம் அளவானது. அப்போ அதை எப்படிப் பங்கிடுவது? 'நகரத்தில்தான் சனம் இருக்கிறது, அங்கே கொடு' என்று ஒரு பக்கம். 'கிராமத்தில்தான் கஷ்டம் இருக்கிறது, இங்கே கொடு' என்று மற்றப் பக்கம். வீட்டிலும் அலுவலகத்திலும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சொல்லும் எண்கள் சரியாகவே இருக்கும். இருந்தும் முடிவு வராது. ஏன் வராது என்பதைத்தான் இங்கே அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன்.

அரசாங்கம் ஏன் பஸ்ஸுக்குப் பணம் கொடுக்க வேண்டும்?

முதலில் டிக்கெட்டைப் பார்ப்போம். நம் நாட்டில் பஸ் கட்டணம் 'கட்டணப் பிரிவு' கணக்கில் போகிறது. ஒரு பிரிவு என்பது ஏறக்குறைய 2 கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் பம்பலப்பிட்டியில் ஏறி நாலு பிரிவு போனாலும், மாங்குளத்தில் ஏறி நாலு பிரிவு போனாலும், கட்டணம் ஒன்றுதான். நியாயமான ஏற்பாடுதான். கிராமத்தில் பிறந்ததற்காக ஒருவர் கூடக் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் பஸ்ஸை ஓட்டுபவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். காலி வீதியில் அந்த நாலு பிரிவுக்குள் அறுபது பேர் ஏறி இறங்குவார்கள். ஒரே இருக்கை மூன்று தடவை விற்கும். மாங்குளத்துக்கு உள்ளே போகும் றோட்டில் அதே நாலு பிரிவுக்கு ஆறு பேர் இருப்பார்கள். டீசலும் டயரும் சாரதியின் சம்பளமும் ஆறு பேருக்காகக் குறைந்து கொடுக்காது. அதுவும் கிறவல் றோட்டில் ஓடும் பஸ்ஸுக்கு டயர் இன்னும் கெதியாகத் தேயும்.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3,438 பேர். முல்லைத்தீவில் 38 பேர். 90 மடங்கு வித்தியாசம். பஸ் விஷயத்தில் மற்ற எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அடர்த்தி இருக்கும் இடத்தில் பஸ் தன் செலவைத் தானே பெரும்பாலும் தேடிக்கொள்ளும். அடர்த்தி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்லாக நடத்தினாலும் தேடிக்கொள்ளாது. அது நடத்துபவரின் பிழை அல்ல. 'கிராம பஸ் நட்டத்தில் ஓடுகிறது' என்று செய்தியில் வாசிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் இந்த நட்டம் வெளியே தெரியாமல் சமாளிக்கப்பட்டது. 1958 ஜனவரி 1ஆம் திகதி நாட்டிலிருந்த தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) தொடங்கியது. ஊரில் வயதானவர்கள் இன்னமும் 'சி.ரி.பி. பஸ்' என்றுதான் சொல்வார்கள். நாடு முழுக்க ஒரே சபை. எனவே கணக்கும் ஒன்று. புறக்கோட்டையிலிருந்து புறப்படும் நிறைந்த பஸ்களின் வருமானம், வன்னிக் காட்டு றோட்டில் பாதி காலியாக ஓடும் பஸ்ஸின் பள்ளத்தை நிரப்பியது. யாரும் 'நகரத்துப் பணத்தைக் கிராமத்துக்குக் கொடுக்கிறோம்' என்று அறிவிக்கவில்லை. ஒரே பைக்குள் போட்டு ஒரே பையிலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். இதைக் குறுக்கு மானியம் என்பார்கள்: இலாபம் தரும் ஓட்டம், இலாபம் தராத ஓட்டத்தைத் தூக்கிச் சுமப்பது.

1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. தனியார் எங்கே போவார்கள்? சனம் இருக்கும் வீதிக்குத்தான். அதில் அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை; கடன் எடுத்து பஸ் வாங்கியவர் லீசிங் கட்ட வேண்டும். ஆனால் விளைவு என்ன? இலாபம் தரும் வீதிகளின் வருமானம் தனியார் பஸ்ஸுக்கும் சபைக்கும் இடையே பிரிந்தது. நட்டம் தரும் வீதிகள் பெரும்பாலும் சபையின் தலையிலேயே நின்றன. பை கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து கிராம பஸ்ஸின் பள்ளத்தை நிரப்ப திறைசேரி நேராகக் கையைப் போட வேண்டிய நிலை. இன்று பேசப்படும் பங்கீட்டுச் சண்டையின் வேர் இங்கே இருக்கிறது. முன்பும் நகரமும் கிராமமும் பங்குபோட்டுக்கொண்டுதான் இருந்தன. கணக்கு மட்டும் வெளியே தெரியவில்லை.

இப்போது அந்தக் கை பல வழிகளில் போகிறது. இ.போ.ச.வுக்கு மாணவர் சீசன் டிக்கெட்டுக்காகவும் வருமானம் இல்லாத வழித்தடங்களுக்காகவும் பணம் கொடுக்கப்படுகிறது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு 'சிசு செரிய' என்ற பெயரில் மாணவர் பஸ்களையும், 'கெமி செரிய' என்ற பெயரில் கிராம பஸ்களையும், 'நிசி செரிய' என்ற பெயரில் இரவு பஸ்களையும் மானியம் கொடுத்து ஓடவைக்கிறது. தனியார் பஸ்காரருக்கும் இந்த மானியம் கிடைக்கும். ஓட ஆள் இல்லாத வழியில் ஓட ஒத்துக்கொண்டால் சரி.

ஒரே கணக்கு, மூன்று விடை

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்தவை.

கிராம பஸ் ஒன்று நாளுக்கு 160 கிலோமீட்டர் ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 200 ரூபா செலவு என்றால், மொத்தச் செலவு 32,000. நாள் முழுக்க 90 பேர் ஏறுகிறார்கள், ஆளுக்குச் சராசரி 80 ரூபா டிக்கெட். வருமானம் 7,200. பள்ளம் 24,800 ரூபா.

நகர பஸ் ஒன்று நெரிசலில் நின்று நின்று 120 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. நிற்கும் நேரமும் டீசல் எரியும், எனவே கிலோமீட்டருக்கு 300 ரூபா. செலவு 36,000. ஆனால் 800 பேர் ஏறுகிறார்கள், சீசன், மாணவர் எல்லாம் சேர்த்துச் சராசரி 35 ரூபா. வருமானம் 28,000. பள்ளம் 8,000 ரூபா.

நகரத்தில் இப்படி 300 பஸ், அந்தக் கிராமப் பிரதேசத்தில் 6 பஸ் என்று வைப்போம். நகரத்துச் சனத்தொகை 4 இலட்சம், கிராமப் பிரதேசத்தில் 12,000.

முதல் ஆள் வருகிறார். 'ஏறும் பயணி ஒருவருக்கு எவ்வளவு மானியம் போகிறது என்று பாருங்கள். நகரத்தில் 10 ரூபா. கிராமத்தில் 275 ரூபா. 27 மடங்கு! கிராமத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம்' என்கிறார். கணக்குச் சரி.

இரண்டாவது ஆள் வருகிறார். 'மொத்தமாக எங்கே போகிறது என்று பாருங்கள். நகரத்துக்கு நாளுக்கு 24 இலட்சம். கிராமத்துக்கு ஒன்றரை இலட்சம்கூட இல்லை. நகரம்தான் எல்லாவற்றையும் விழுங்குகிறது' என்கிறார். இதுவும் சரி.

மூன்றாவது ஆள், 'பஸ்ஸில் ஏறுகிறாரோ இல்லையோ, அங்கே வாழும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு?' என்று கேட்கிறார். நகரத்தில் தலைக்கு 6 ரூபா, கிராமத்தில் 12 ரூபாவும் சில்லறையும். இரண்டு மடங்கு. பெரிய அநியாயம் என்று இரண்டு பக்கமும் கத்தும் அளவுக்கு இல்லை.

அதே பஸ், அதே டீசல், அதே பணம்தான். எதனால் வகுத்தோம் என்பது மட்டும் மாறியது. யாராவது ஒரு எண்ணைக் காட்டி 'பாருங்கள், அவர்களுக்கு எவ்வளவு போகிறது' என்று சொன்னால், நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எதனால் வகுத்த எண் இது? பயணியாலா, சனத்தொகையாலா, கிலோமீட்டராலா? என்னிடம் கேட்டால், இந்த முழு விஷயத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் அது இந்தக் கேள்விதான்.

பணத்தைப் பங்கிடச் சூத்திரம் எழுதும் அதிகாரிக்கும் இதே தலையிடி. சனத்தொகையை அளவுகோலாக வைத்தால் மேல் மாகாணம் வெல்லும். நிலப்பரப்பை வைத்தால் வன்னியும் மொனராகலையும் வெல்லும். பயணிகள் எண்ணிக்கையை வைத்தால் கொழும்பு இன்னும் பெரிதாக வெல்லும். ஓடிய கிலோமீட்டரை வைத்தால் கிராமம் கொஞ்சம் நிமிரும்.

அதோடு ஒவ்வொரு அளவுகோலும் பஸ் நடத்துபவரின் காதில் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கிலோமீட்டருக்குக் காசு என்றால், ஆள் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, ஓடினால் போதும். பயணிக்குக் காசு என்றால் ஆள் குறைந்த ஓட்டத்தை மெல்ல வெட்டிவிடலாம். முதலில் பின்னேரக் கடைசி பஸ் நிற்கும், பிறகு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிற்கும். 'எவ்வளவு நட்டமோ அவ்வளவு தருகிறோம்' என்றால் நட்டத்தைக் குறைக்க யாருக்கு என்ன அவசரம்? அதனால்தான் பல நாடுகளில் நட்டத்தை நிரப்புவதை விட்டுவிட்டு ஒப்பந்த முறைக்குப் போயிருக்கிறார்கள்: இந்த வழியில், இந்த நேரத்துக்கு, நாளுக்கு இத்தனை ஓட்டம். இதை ஓட ஆகக் குறைந்த மானியம் கேட்பவருக்கு வேலை. ஓடாத நாளுக்குக் காசு இல்லை. பெரியம்மா வேப்ப மரத்தடியில் நின்ற காலைக்கு யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையை அந்த முறை உருவாக்கும். அதற்காகவே எனக்கு அது பிடிக்கும்.

நகரம் என்று எதைச் சொல்கிறோம்?

சூத்திரம் எழுதுவதற்கு முன்பே ஒரு சிக்கல் இருக்கிறது. 138 பஸ்ஸில் ஏறி ஹோமாகமவுக்குப் போய்ப் பாருங்கள். வழி முழுக்கக் கடை, வங்கி, டியூஷன் வகுப்பு, நெரிசல். இறங்கினால் நகரம் போலத்தான் இருக்கும். ஆனால் புள்ளிவிபரத்தில் அது நகரம் இல்லை. நம் நாட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பதுதான் 'நகரம்'. ஹோமாகம பிரதேச சபைக்குள் வருகிறது. எனவே கணக்கில் கிராமம். 1987இல் பிரதேச சபைகள் வந்தபோது சின்னச் சின்னப் பட்டின சபைகள் அவற்றுக்குள் கரைந்தன. அப்படி எத்தனையோ ஊர்கள் ஒரே நாளில் கடதாசியில் கிராமமாகிவிட்டன. 2012 கணக்கெடுப்பில் நாட்டின் சனத்தொகையில் 18.2 வீதம்தான் நகரம், 77.4 வீதம் கிராமம் என்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது 'கிராமப் போக்குவரத்துக்கு இவ்வளவு கோடி' என்று ஒரு நிதி ஒதுக்கினால் என்ன நடக்கும்? ஹோமாகமவும் கிராமம், துணுக்காயும் கிராமம். பஸ் கேட்டு விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆட்களும், எழுதியதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க அமைச்சுக்குப் பக்கத்தில் இருப்பதும் எந்த ஊருக்கு வாய்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லைக் கோட்டைத் தவறாகப் போட்டால், உண்மையாகவே கஷ்டப்படும் கிராமத்தின் பணத்தை, பெயரளவில் கிராமமாக இருக்கும் புறநகர் எடுத்துக்கொண்டு போய்விடும்.

மீதி 4.4 வீதம் யார் தெரியுமா? தோட்டம். நம் நாட்டுக் கணக்கெடுப்பு மூன்றாவதாக ஒரு துறையை வைத்திருக்கிறது, அதில் பெரும்பாலும் மலையகத் தமிழர். போக்குவரத்துப் பணம் பற்றிய பேச்சில் இவர்கள் நகரத்திலும் இல்லை, கிராமத்திலும் இல்லை. தோட்டத்து றோட்டு பொது றோட்டு அல்ல, கம்பனியின் றோட்டு என்று நீண்ட காலம் கருதப்பட்டது. பிரதேச சபை தன் பணத்தில் அதைத் திருத்தவே சட்டத்தில் தடை இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. றோட்டு இல்லாத இடத்துக்கு பஸ் போகாது. பஸ் போகாத இடத்துக்கு பஸ் மானியம் எந்தச் சூத்திரத்தாலும் வராது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் எத்தனையோ மலையகப் பிள்ளைகள், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஹட்டன் வரை பஸ்ஸில் நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஹட்டனிலிருந்து லயத்துக்குப் போகும் கடைசி ஆறேழு கிலோமீட்டருக்கு ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு, கொழும்பிலிருந்து ஹட்டன் வந்த பஸ் காசைவிடக் கூடிவிடும் நாட்களும் உண்டு.

இரண்டு வேலை, ஒரு பணம்

சரி, இவ்வளவு சிக்கலுக்குள் எப்படித்தான் பங்கிடுவது? நான் பிடித்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது.

பொது பஸ் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. ஒன்று, நிறையப் பேரைக் குறைந்த செலவில் ஏற்றிப் போவது. காலி வீதியில் பஸ் செய்வது அந்த வேலை. அறுபது பேர் அறுபது மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வந்தால் வீதி என்னவாகும்? அங்கே பஸ்ஸுக்குக் கொடுக்கும் பணம் நெரிசலைக் குறைக்கிறது, புகையைக் குறைக்கிறது, பஸ்ஸில் ஏறாதவருக்கும் வீதியில் இடம் கிடைக்கிறது. இந்த வேலையை அளக்கச் சரியான அளவுகோல் பயணி எண்ணிக்கைதான்.

மற்றது, யாரையும் கைவிடாமல் இருப்பது. துணுக்காயில் பஸ் செய்வது அந்த வேலை. அங்கே பஸ்ஸில் எத்தனை பேர் என்று கேட்பது, பள்ளிக்கூடத்தில் இருபது பிள்ளைகள்தான் என்பதற்காக ஆசிரியர் எதற்கு என்று கேட்பது போன்றது. கேட்க வேண்டியது வேறு: பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும் தூரத்தில் எத்தனை வீடு? பஸ் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போக என்ன செலவாகும்? எத்தனை வீட்டில் மோட்டார் சைக்கிள்கூட இல்லை?

இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பெட்டியில் பணத்தைப் போட்டு, ஒரே அளவுகோலால் பங்கிடப் போவதால்தான் சண்டை முடிவதில்லை. முதலில், முழுப் பணத்தில் எவ்வளவு ஆட்களை ஏற்றும் வேலைக்கு, எவ்வளவு கைவிடாத வேலைக்கு என்று வெளிப்படையாகப் பிரிக்க வேண்டும். அது கணக்கு அல்ல, அரசியல் முடிவு. நாடாளுமன்றத்திலும் மாகாண சபையிலும் வாய் திறந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்குரிய சூத்திரத்தைப் போடலாம். முதல் பெட்டியில் பயணிகளுக்கு ஏற்றபடி. இரண்டாவதில் ஒரு அடித்தளம்: எந்தக் கிராமமானாலும், எந்தத் தோட்டமானாலும், பள்ளிக்கூட நேரத்துக்கு ஒரு பஸ், நடுப்பகலில் ஒன்று, வேலை விட்டு வர ஒன்று. அந்த அடித்தளத்தைப் பயணி எண்ணிக்கையைக் காட்டி யாரும் தொடக்கூடாது.

இப்படித் தனித்தனிப் பெட்டி வைப்பது புதிதல்ல. அமெரிக்காவில் மத்திய அரசு கொடுக்கும் போக்குவரத்து நிதியில் 50,000 பேருக்கு மேற்பட்ட நகரப் பகுதிகளுக்கு ஒரு நிதி, அதற்குக் குறைந்த இடங்களுக்கு வேறொரு நிதி. கிராம நிதிக்கான சூத்திரத்தில் சனத்தொகையோடு நிலப்பரப்பும் சேரும், ஏனென்றால் அங்கே தூரம்தான் செலவு. அதற்காக அங்கே சண்டை இல்லை என்று இல்லை. 2025 ஓகஸ்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் நிதி ஒதுக்கீடு இழுபட்டு, பிலடெல்பியா நகரத்தில் பஸ் வழித்தடங்கள் வெட்டப்பட்டன. அங்கேயும் பேச்சு இதேதான்: நகரத்து ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தால் கிராமத்து றோட்டுக்கு என்ன?

நம்மிடமும் இப்படி யோசிக்க ஒரு சட்ட அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. 13ஆம் திருத்தத்தோடு வந்த நிதி ஆணைக்குழு, மாகாணங்களுக்குப் பணத்தைப் பங்கிடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது: சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை, மற்ற மாகாணங்களுக்கும் தலா வருமானம் ஆகக் கூடிய மாகாணத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைக்கும் தேவை. சனத்தொகை ஒரு பக்கம் இழுக்கும், ஏற்றத்தாழ்வு மறுபக்கம் இழுக்கும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. மாகாணத்துக்குள் ஓடும் பஸ் மாகாண சபையின் பொறுப்பு, மாகாணம் தாண்டும் பஸ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பு என்ற பிரிவும் அதே திருத்தத்திலிருந்து வந்ததுதான். ஆனால் 2014க்குப் பிறகு எந்த மாகாணத்திலும் சபைத் தேர்தல் நடக்காமலே ஆண்டுகள் ஓடின. துணுக்காய் பஸ்ஸைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய கதிரை காலியாக இருந்தது.

பஸ் வாங்கும் பணம், பஸ் ஓடும் பணம்

வரவு செலவுத் திட்டம் வாசிக்கும்போது மிகவும் குழப்பும் விஷயம் இது. பணத்தில் இரண்டு வகை உண்டு. மூலதனச் செலவு: பஸ் வாங்குவது, டிப்போ கட்டுவது, தண்டவாளம் போடுவது. மீண்டெழும் செலவு: டீசல், சம்பளம், டயர், திருத்த வேலை. முதலாவதற்கு மாலை, படம், ரிப்பன் எல்லாம் கிடைக்கும். இரண்டாவதற்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் பஸ்ஸை ஓடவைப்பது இரண்டாவதுதான்.

2023 தொடக்கத்தில் இந்தியக் கடனுதவியோடு, கிராமப் போக்குவரத்தை வலுப்படுத்தவென்று இ.போ.ச.வுக்குப் புதிய பஸ்கள் வந்தன. நல்ல விஷயம். ஆனால் புதிய பஸ்ஸும் இரண்டு வருடத்தில் பழைய பஸ்தான். உதிரிப் பாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் வருடாவருடம் பணம் இல்லையென்றால் அது டிப்போவின் பின்பக்கத்தில் நிற்கும். கிராமத்துக்கு மூலதனத்தைக் கொடுத்துவிட்டு ஓடும் செலவைக் கொடுக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

நகரத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஒரே ஒரு திட்டமே நாட்டின் பல வருடக் கிராம மானியத்தை விழுங்கும் அளவு பெரிதாக இருக்கும். மாலபேயிலிருந்து கோட்டை வரை ஜப்பானியக் கடனில் போடவிருந்த இலகு ரயில் 2020இல் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். அப்போது 'அந்தப் பணத்தைக் கிராமத்துக்குக் கொடுக்கலாமே' என்று பலர் சொன்னார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்கென்று தந்த கடன் அது. திட்டம் நின்றால் கடனும் நிற்கும். மாலபேக்காரருக்கு ரயிலும் வரவில்லை, அதனால் துணுக்காய்க்கு ஒரு பஸ்ஸும் வரவில்லை. இரண்டு பக்கத்தையும் மோதவிட்டு ஒன்றை வெட்டினால் மற்றது தானாக வளரும் என்று நினைப்பது இப்படித்தான் ஏமாற்றும்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. புகையிரதத் திணைக்களம் அரச திணைக்களம்; அதன் நட்டம் நேராக அரசின் கணக்கில் போய்விடும். காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் சீசன் டிக்கெட்டோடு நிற்கும் நாங்கள் எல்லோரும் மானியத்தில் பயணம் செய்பவர்கள்தான். கிராம பஸ்ஸுக்குக் கொடுப்பது மட்டும் 'மானியம்' என்று பெயர் வாங்குகிறது, எங்களுடையது 'சேவை'. இது எனக்கு எப்போதும் உறுத்தும்.

நகரத்துப் பணம், கிராமத்துப் பணம் என்று அவ்வளவு சுத்தமாகப் பிரிக்கவும் முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் 87இல் விடியற்காலை இறங்குபவர்களைப் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு வந்தவர், பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர், மகளின் பல்கலைக்கழகப் பதிவுக்கு வந்தவர். இறங்கியதும் அவர்கள் ஏறப்போவது கொழும்பு நகர பஸ்ஸில். ஊரிலிருந்து 87ஐப் பிடிக்க வந்ததோ கிராம பஸ்ஸில். சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் பயணம் இல்லை.

பெரியம்மாவின் பஸ்ஸுக்கு இந்த வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிளினிக் முடிய ஒரு மணியாகும். திரும்பி வரும் பஸ் பன்னிரண்டரைக்கே போய்விடும். காலையில் பஸ்ஸில் போனவர்கள்கூடத் திரும்பி ஓட்டோவில்தான் வந்தார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். எந்தெந்தக் கிழமை கிளினிக், எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டு எழுதி, பெயரும் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஓட்டத்தை ஒன்றே காலுக்கு மாற்றினார்கள். புதிய பஸ் இல்லை, ஒரு சதம் கூடுதல் மானியம் இல்லை. முன்பு எட்டுப் பத்துப் பேரோடு வந்த பஸ் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் முப்பது பேரோடு வருகிறது. போன கிழமை தொலைபேசியில் பெரியம்மா குறைப்பட்டுக்கொண்டார், வரும்போது சீற் கிடைக்கவில்லையாம்.